கேஸ் உண்டு, அடி கிடையாது

சுபலட்சுமியின் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது "பார்க்கலாம்." பிள்ளைகள் பொருட்காட்சிக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம் என்பாள். கொழுந்தனார் கல்யாணத்துக்கு முதல்நாளே போய்விடலாமா என்று கணவன் சிவக்குமார் கேட்டால் அதற்கும் பார்க்கலாம்தான்.

"உங்கம்மா பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்" என்று அவன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தான்.

அது முழு உண்மை இல்லை. ஏட்டு வேலையில் நாளைப் பொழுது தன் கையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கையில் இல்லாததை வாக்காகக் கொடுப்பதில்லை என்று ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். கொடுத்துவிட்டால், யாரையாவது கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டாவது வந்து நிற்பாள்.

செக்கானூரணிக்கு மேற்கே கடலை விவசாயம் பார்த்த குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடிய கால்கள் போலீஸ் தேர்வில் கைகொடுத்தன. சிவக்குமாருக்கு டவுன்பஸ்ஸில் கண்டக்டர் வேலை. மகளிர் காவல் நிலையத்தில் சில வருஷம் புருஷன் பெண்டாட்டி சண்டைகளைத் தீர்த்துவிட்டு, தெற்குப் பக்கம் சாதாரண ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தபோது வில்லாபுரத்தில் வீடு பார்த்தார்கள். ஸ்டேஷனில் யாரிடமும் குரலை உயர்த்தாதவள் என்று அவளுக்குப் பெயர். வீட்டில் அப்படி இல்லை. விசில் வராத குக்கரைக்கூடத் திட்டுவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்தது. மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே வரிசையாகக் குழாய்கள். விடிந்ததும் அங்கே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். ஏட்டம்மா ஆனாலும் சுபலட்சுமிக்கும் அதே வரிசைதான். டூட்டிக்குப் போகுமுன் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் யூனிஃபார்மை எடுப்பாள்.

அன்றைக்கு அவள் போனபோது வரிசையில் யாரும் குடத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள். தொட்டியின் உச்சியில், கைப்பிடிக் கம்பிக்கு வெளியே, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை பின்னால் கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் மஞ்சள் பை.

அடுத்த தெரு நல்லகாமன். சிம்மக்கல் மண்டிகளில் மூட்டை தூக்குகிறவன்.

"யோவ், சாகுறதுன்னா தண்ணி விட்டப்புறம் சாவுய்யா" என்றாள் ஒரு பெண். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது."

"தொட்டிக்குள்ள மட்டும் விழுந்துராத. அந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கணும்."

"அண்ணே, சட்டுன்னு முடிவு பண்ணுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் ஒரு இளவட்டம். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு மேலே எட்டியிருக்க வேண்டும். நல்லகாமன் கம்பியிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்தான். "சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. எம் மருமக சடங்குக்கு எம் பேரு இல்லாம பத்திரிகை அடிச்சிருக்காய்ங்க. செத்தவன் பேரத்தான போடமாட்டாய்ங்க? நான் செத்தே போறேன்."

அந்தப் பக்கத்துச் சடங்குப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, பங்காளி, அண்டை வீட்டுக்காரர் என்று எறும்பு வரிசையாகப் பெயர்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் தாய்மாமன் பெயர். அவன் சீர் வந்து இறங்கினால்தான் பெண்ணை மனையில் உட்கார வைப்பார்கள். மற்ற எவன் பெயர் விடுபட்டாலும் சண்டை வரும். தாய்மாமன் பெயர் விடுபட்டால் சண்டைக்குக்கூட வழியில்லை. அவன் உறவே இல்லை என்று ஊருக்கு அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

கூட்டம் பார்க்கப் பார்க்கத்தான் அவன் கை கம்பியை விடுகிறது என்று சுபலட்சுமிக்குப் பட்டது. அதட்டினால் கூட்டம் போகாது. இன்னும் நாலு பேர் வருவார்கள். அவள் வால்வு திறக்கும் கருத்தக்கண்ணனிடம் போனாள்.

"தண்ணியத் தொறங்கண்ணே."

"மேல ஆளு இருக்கான், ஏட்டம்மா. இப்பப் போயி எப்புடி?"

"அவன் வாயிலயா வால்வு இருக்கு? கீழதான இருக்கு. தொறங்க."

குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டின. அடுத்த நொடி அண்ணாந்திருந்த தலை ஒன்றுகூட இல்லை. "ஏய், என் குடம் முன்னாடி", "யாருடி நகத்துனது" என்று வழக்கமான சச்சரவு தொடங்கியது. வேடிக்கை பார்த்த ஆண்களையும் பெண்டாட்டிமார் குடம் தூக்க இழுத்துக்கொண்டார்கள். மேலே நல்லகாமன் கொஞ்ச நேரம் கீழே பார்த்தான். அவனைப் பார்க்க யாரும் இல்லை. கை தானாகக் கம்பிக்குத் திரும்பியது.

சுபலட்சுமி தன் குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, தொட்டியைச் சுற்றி ஏறும் படியில் பாதிவரை ஏறி, திருப்பத்தில் உட்கார்ந்தாள். ஓடிய கால்களுக்கு இப்போது முட்டிவலி.

"மேல வராதீங்க ஏட்டம்மா. வந்தா விட்டுருவேன்."

"வரல. வரவும் முடியாது, முட்டி வலிக்குது. பையில என்ன?"

"சேலை" என்றான்.

"மருமகளுக்கா? என்ன கலரு?"

"அரக்கு. பச்சைக் கரை. வெளக்குத்தூண்ல எடுத்தேன். கடைக்காரன் அம்புட்டையும் விரிச்சுப் போட்டான். நான் மொதல்ல பாத்ததையே எடுத்துட்டேன்."

"பைய மடியில வச்சுக்க. கீழ விழுந்தா தண்ணியில நனைஞ்சுரும்."

அவன் பையை மடியில் வைத்தான். அதற்கு உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருந்தது. ஒரு சாண்தான். அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. போன வருஷம் ஒரு மண்டியில் சரக்கு காணாமல் போனதற்கு வேறொரு ஸ்டேஷனில் அவனைச் சந்தேகத்தில் கூட்டிப் போய் வைத்திருந்து அடித்தார்கள். எடுத்தவன் வேறு ஆள் என்று தெரிந்ததும், போடா என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா சோலையம்மாளின் வீட்டுக்காரர் சின்னச்சாமி முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது பத்திரிகை.

"கீழ வந்தா நீங்களும் அடிப்பீங்க" என்றான். "அன்னைக்கும் அப்புடித்தான். ஒன்னும் செய்யமாட்டோம், ஜீப்புல ஏறுன்னாய்ங்க."

அடிக்கமாட்டார்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"பாக்கலாம்" என்றாள்.

அந்நேரம் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஜனகராஜ் இறங்கினார். கெட்டவர் இல்லை, கோபக்காரர். கை முந்தும், அறிவு பின்னால் வந்து வருத்தப்படும். அப்படி வருத்தப்பட்ட நாட்களில் ஸ்டேஷனுக்கே வடை வாங்கிக் கொடுப்பார்.

"எறங்கட்டும் நாயி. மந்திரி வர்ற நாள்ல எனக்கு இது ஒன்னுதான் கொறச்சல். தோலை உரிச்சுர்றேன்."

சுபலட்சுமி படியிறங்கி அவரைத் தள்ளிக் கூட்டிப்போனாள். "ஐயா, அடி விழாதுன்னு அவனுக்கு நான் வாக்குக் குடுக்கணும். நீங்க எனக்குக் குடுத்தாத்தான் நான் அவனுக்குக் குடுக்க முடியும்."

"சும்மா சொல்லும்மா. எறக்குறதுக்குச் சொல்றதுதான."

"போன தடவை அப்புடிச் சொல்லி ஏமாந்தவன் ஐயா. குரல்லயே கண்டுபிடிச்சுருவான். நீங்க நெசமாச் சொன்னா எனக்கு நெசமா வரும்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மேலே பார்த்தார். "கேஸ் போடாம விடமுடியாது."

"கேஸ் போடுங்க ஐயா. அத மறைக்கமாட்டேன்."

"சரி. கை வைக்கமாட்டேன்." பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்து, "எவனும் வைக்கக்கூடாது" என்றார்.

அதற்குள் சோலையம்மாள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் சின்னச்சாமி. அவனியாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடைத்துண்டு இன்னும் தோளில் கிடந்தது. வரும்போதே, "எறங்குடா, மானத்த வாங்குறதுக்குன்னே..." என்று ஆரம்பித்தார். சுபலட்சுமி அவரைத் தொட்டித் தூணுக்கு மறைவாக நிறுத்தினாள்.

"அண்ணே, பேர ஏன் விட்டீங்க?"

"அச்சாபீஸ்காரன் விட்டுட்டான்."

"அச்சாபீஸ்காரனக் கூப்புட்டுக் கேக்கவா?"

"பொட்டப்புள்ளையக் கட்டிக்குடுக்கணும்ல ஏட்டம்மா. ஸ்டேஷனுக்குப் போனவன் பேரு மேல இருந்தா நாளைக்கு எவன் வருவான்?"

"அவன் எடுக்கலன்னு அவங்களே விட்டாங்கல்ல."

"அடிச்சது ஊருக்கே தெரியும். விட்டது யாருக்குத் தெரியும்?"

அது ஜனகராஜ் காதிலும் விழுந்தது. அவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோலையம்மாள்தான் சொன்னாள், அழுகையை நிறுத்திவிட்டு: "எந்தம்பி இல்லாம எம்புள்ளைக்குச் சடங்கு நடந்தா, அன்னைக்கு நான் அந்தத் தொட்டியில ஏறுவேன். அப்ப ரெண்டு பேரு போடலாம் கருமாதிப் பத்திரிகையில."

சின்னச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மாப்ள" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "தப்புதான். எறங்கி வா. மருமகளுக்கு நீதான் சீர் செய்யணும்."

மேலிருந்து குரல் வந்தது: "தாய்மாமன வெறுங்கையோடயா கூப்புடுவாக?"

சுபலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சாகிறவன் தாம்பூலத் தட்டு கேட்கமாட்டான். ஆனால் சிரித்துவிடக் கூடாது.

முன்பு தண்ணி விட்டப்புறம் சாகச்சொன்ன அதே பெண், நிறைந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தாள். முக்குக் கடையில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வாங்கினார்கள். சின்னச்சாமி தட்டை ஏந்திக்கொண்டு தொட்டிக்கடியில், வழிகிற தண்ணீரில் நின்றார். சோலையம்மாள் அவர் பக்கத்தில் நின்றாள். முறையாக, கல்யாண வீட்டுக்கு அழைக்கிற குரலில் அழைத்தார்கள்.

சுபலட்சுமி மறுபடி பாதிப் படி ஏறினாள்.

"நல்லகாமா, ஒளிக்காமச் சொல்றேன். கேஸ் உண்டு. ஸ்டேஷனுக்கு வரணும், ஜாமீன்ல போகலாம். அடி கிடையாது. இன்ஸ்பெக்டரு எனக்குச் சொல்லிருக்காரு, நான் உனக்குச் சொல்றேன்."

"கேஸ் உண்டா?"

"உண்டு."

அவன் அவளையே பார்த்தான். கேஸ் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டான் என்று தோன்றியது. காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பிக்கு உள்ளே போட்டான். நெடுநேரம் தொங்கிய கால்கள் மரத்திருந்தன. படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தான். அவளைத் தாண்டும்போது பையை நீட்டினான். "நனையாமப் பாத்துக்கங்க."

கடைசிப் படியில் ஜனகராஜ் நின்றுகொண்டிருந்தார். நல்லகாமன் அவரைக் கண்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டான். படி வளையும் திருப்பத்திலிருந்து சுபலட்சுமிக்கு இன்ஸ்பெக்டரின் முதுகுப்புறம் தெரிந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். வலது மணிக்கட்டை இடதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்த இடம் வெளுத்துப்போயிருந்தது. அப்படியே திரும்பி, அப்படியே ஜீப் வரைக்கும் நடந்து, ஏறுவதற்குத்தான் கையை எடுத்தார்.

அவள் மஞ்சள் பையோடு நல்லகாமனை ஜீப்புக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்டேஷனில் அவனை லாக்கப்பில் தனியாக விடவில்லை. ரைட்டர் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்து இட்லி வாங்கிக் கொடுத்து, மறுபடி எதுவும் செய்துகொள்ளாதிருக்க அரைநாண் கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "போகையில தாரேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்ததும், ஜாமீனுக்குச் சின்னச்சாமியே வந்தார். என்ன உறவு என்று ரைட்டர் கேட்க, "அவரு எங்கக்கா வீட்டுக்காரரு" என்றான் நல்லகாமன். "எம் புள்ளைக்குத் தாய்மாமன்னு எழுதுங்க" என்றார் சின்னச்சாமி. ரைட்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். ஜனகராஜ் எல்லோருக்கும் வடை வரவழைத்தார். இன்றைக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த சுபலட்சுமியிடம் சிவக்குமார் கேட்டான்: "ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்துவிட்டியாம்ல. நம்ம குடம் எங்க?"

அது சுவரோரம் காலியாகவே நின்றிருந்தது. இரண்டு நாள் எதிர்வீட்டுத் தண்ணீரில் குடித்தனம் நடந்தது.

மிச்சமிருந்த பத்திரிகைகளில் எல்லாம் சின்னச்சாமி ரப்பர் ஸ்டாம்பு அடித்திருந்தார். 'தாய்மாமன் நல்லகாமன்' என்று ஊதா மையில், கொஞ்சம் கோணலாக, எல்லாப் பெயர்களுக்கும் மேலே. ஸ்டேஷனுக்கும் ஒன்றை நல்லகாமனே கொண்டுவந்தான். சடங்குக்கு வருவீர்களா என்று கேட்டவனிடம் சுபலட்சுமி, "வாரேன்" என்றாள். பார்க்கலாம் இல்லை.

சுபலட்சுமி பிள்ளைகளோடு போனபோது மண்டபத்து வாசலில் கொட்டுச் சத்தத்தோடு சீர்த்தட்டுகள் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் அரக்குச் சேலைத் தட்டு. வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கத் தாய்மாமனே வாசலில் நின்றான். சற்று நேரத்தில் வெள்ளைச் சட்டையில் ஜனகராஜ் வந்தார். கொட்டு நிற்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நல்லகாமன் கிண்ணத்தை நீட்டினான். இன்ஸ்பெக்டர் வலது கையைத் தூக்கினார். கை உயர்ந்த அந்தக் கணம் நல்லகாமனின் தோள் தானாகக் குறுகியது. கை கிண்ணத்தில் இறங்கிச் சந்தனத்தைத் தொட்டது. தோள் மெல்ல நேரானது.

"சேலை எந்தக் கடை?" என்றார் ஜனகராஜ்.

"வெளக்குத்தூணு ஐயா."

சுபலட்சுமி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முதல் பந்திக்குப் போய் உட்கார்ந்தாள்.