ஆடிக்குக் காணாமல் போன வரன்கள்

பார்க்காத ஊரில், முகம் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள், அடுத்தவர் வீட்டுத் தகவல்களைக் குடிவைத்துவிட்டு, "எல்லாம் பத்திரமா இருக்குதுங்க" என்று சத்தியம் செய்வதுதான் என் தொழில்.

இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் 'உம்' கொட்டிக்கொண்டே வாருங்கள், போகப்போகப் புரிந்துவிடும். எங்கள் கம்பெனி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே இரும்பைக் கடைவார்கள். மேலே என்னைக் கடைவார்கள். கடைகிறவர் எனக்கு மூத்தவரான பிலோமினா அக்கா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் மெதுவு. அதனால் நான் "முடியாதுங்க" என்று சொன்னது இதுவரை எந்த வாடிக்கையாளர் காதிலும் விழுந்ததில்லை.

தனியாகச் செய்யச் சொல்லி எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஈரோட்டில் ஜாதகப் பரிவர்த்தனை மையம் நடத்தும் சரசு அக்காவுடையது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜாதகத்தைப் பதிவு செய்து, பொருந்தினால் பேசி முடிக்கிற இடம். அவர் கையிலிருந்த எக்ஸெல் ஃபைல் ஊதிப்போய்த் திறக்கவே அழிச்சாட்டியம் பண்ணியது. அதை ஒரு டேட்டாபேஸாக்கி, குடும்பங்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

விசாரிக்காமல் பிடித்த இடம்

பெரிய கம்பெனிகளின் கிளவுடில் வாடகை கட்டுப்படியாகாது என்று எங்கள் முதலாளி என்னைப் பரவலாக்கப்பட்ட கிளவுடு பக்கம் திருப்பிவிட்டார். இதற்குத் தலைமை ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. உலகத்தில் யாரிடமெல்லாம் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதோ அவர்களெல்லாம் அதை வாடகைக்கு விடலாம். எனக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிப் போட்டால், ஆளாளுக்கு ஒரு விலை கேட்பார்கள். ஈரோட்டு மஞ்சள் ஏலம் மாதிரிதான். என்ன, அங்கே கூடக் கேட்டவருக்குச் சரக்கு, இங்கே குறைத்துக் கேட்டவருக்குச் சரக்கு.

இருப்பதிலேயே குறைவாகக் கேட்டவரை நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். சரசு அக்கா சும்மா இருக்கவில்லை.

"ஏங் கண்ணு, இப்ப நம்ம ஜாதகமெல்லாம் எங்க இருக்குது?"

"பின்லாந்துல ஒருத்தர்கிட்டங்க்கா."

"அவரு பேரு?"

"பேரெல்லாம் தெரியாதுங்க்கா. ஒரு நீளமான நம்பர்தான் தெரியும்."

"குடும்பம் கிடும்பம் இருக்குதா?"

"தெரியலீங்க்கா. ஆனா பூட்டித்தானுங்க வெச்சிருக்கேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கே பால்காரர் வரைக்கும் விசாரிக்கறோம். இத்தனை ஊட்டு வயசுப் புள்ளைங்க ஜாதகத்தையும் கொண்டுபோயி ஒருத்தன்கிட்டக் குடுத்திருக்கறே, விசாரிச்சியா சாமி?"

கட்டமே இல்லாத ஜாதகம்

எக்ஸெலில் கட்டம் கட்டமாக இருக்கும். பெயர், வயது, நட்சத்திரம், படிப்பு. ஆனால் எங்கள் பக்கத்துப் பெற்றோர் கட்டத்துக்குள் அடங்குகிறவர்களா? ஒருவர், "மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியோணும்" என்பார். ஒருவர், "ஊட்டுல நாய் இருக்கப்படாது" என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக் கட்டம் போட்டுப் போட்டு, அக்காவின் எக்ஸெல் திருப்பூர் வரைக்கும் நீண்டிருந்தது. அதனால்தான் நோ-எஸ்கியூஎல் வகை டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தேன். அதில் கட்டமே கிடையாது. ஒவ்வொரு வரனும் ஒரு தனிப் பொட்டலம். யாருக்கு என்ன நிபந்தனையோ அதை அந்தப் பொட்டலத்தில் மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

எல்லாப் பொட்டலங்களிலும் சேர்த்து ஒன்றே ஒன்றில்தான் வேறு யாரும் எழுதாத ஒரு வரி வந்தது. புதிதாகப் பதிவு செய்த ஒரு பெண் வீட்டார் எழுதியிருந்தார்கள்: 'விவசாயி ஆனாலும் சரி.' அக்கா அதை இரண்டு தடவை படித்தார். உடனே போனை எடுத்து ருக்மணியம்மாவைக் கூப்பிட்டார். சென்னிமலைப் பக்கம் தோட்டம், கிணறு, மாடு எல்லாம் இருக்கிற வீடு. மகன் தண்டபாணி விவசாயம் பார்க்கிறார். அது ஒன்றுதான் குறை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், அந்தம்மா வாரம் தவறாமல் மையத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. இப்பப் பேச வேண்டாம். ஆவணி மொத ஞாயித்துக்கெழமை மண்டபத்துல கூட்டம் போடறேன், அங்க நம்பர் தாரேன்" என்றார் அக்கா.

போனிலிருந்து வந்த பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ஏனுங்க சரசு, அந்தப் புள்ளைய வேற யாருக்கும் காட்டாம வெச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சோதனைக்குப் போன மாப்பிள்ளை

இது அதற்குச் சில வாரம் முன்பு நடந்தது. டேட்டாபேஸ் ஏறியதும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு போலி வரன் வேண்டும். கற்பனை பண்ணச் சோம்பல்பட்டு, என் பெயர், என் நட்சத்திரம், என் போன் நம்பரையே போட்டேன். தொழில் என்ற இடத்தில் உண்மையையே எழுதினேன்: 'வாடகை கம்ப்யூட்டர்களில் டேட்டாபேஸ் நிறுவுதல்.' சோதனை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டேன்.

அடுத்த நாளே பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். நான் வேலையைப் பற்றி விளக்க விளக்க, அவர் "செரீங்க, செரீங்க" என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க தம்பி, தோட்டந்தொரவு இல்லீன்னாலும் பரவால்லீங்க, சொந்தமா ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாதவருக்கு எப்படீங்க பொண்ணு குடுக்கறது?"

சர்வருக்கு வந்த தோஷம்

வாடகையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மெமரியைக் கஞ்சத்தனமாகக் கேட்டிருந்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பொருத்தம் பார்த்தால் டேட்டாபேஸ் மூர்ச்சை போட்டு விழும். தானாக எழும். மறுபடி விழும். நான் புரோகிராமில் குறை தேடி ஒரு பகல் முழுக்க முடியைப் பிய்த்துக்கொண்டேன். பிலோமினா அக்கா சர்ச் கொயருக்குப் போகிற அவசரத்திலும் என் திரையை ஒரு தடவை எட்டிப்பார்த்தார். "ஊருக்கெல்லாம் செவ்வாய் தோஷம் பாக்கற டேட்டாபேஸுக்கு, கஞ்சன் தோஷம் இருக்குதான்னு நீ பாக்கலியே தம்பி!"

ஆடிக்குச் சாத்திய கடை

இனி வருவதுதான், இதைப் படிக்கிற சக பாவப்பட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள், ஜாதகத்தைத் தொடக்கூட மாட்டார்கள். சரசு அக்காவும் மையத்தைச் சாத்திவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகிறபோது, "ஆரும் வராத மாசத்துக்கு அந்தப் பின்லாந்துக்காரருக்கு எதுக்குக் கண்ணு வாடகை? நீயும் நிறுத்திப்போடு, ஆவணிக்குத் தொறந்துக்கலாம்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஷட்டரை இழுத்துவிட்டால் உள்ளே சாமான் அப்படியே இருக்கும்தானே? திரையில் 'ஒப்பந்தத்தை முடி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன்.

அந்தக் கிளவுடில் ஒப்பந்தம் முடிந்தது என்றால் ஷட்டர் இறங்குவது இல்லை, வீட்டையே இடித்து மனையைத் தரைமட்டமாக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். நிலையான சேமிப்பு என்று நான் கேட்டு வாங்கியதும், ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும்தான் நிலை. இதெல்லாம் ஆவணி பிறந்து, மறுபடி திறக்கப்போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. டேட்டாபேஸ் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. பேக்கப் எடுத்திருந்தேன். சத்தியமாக எடுத்திருந்தேன். அதையும் அதே மிஷினில்தான் வைத்திருந்தேன்.

குடும்பங்கள் அனுப்பிய விவரம் சரசு அக்காவின் போனில் இருக்குமே என்பீர்கள். மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது போன் நிறைந்துபோய்விட்டது என்று அவர் குறைப்பட்டதும், "எல்லாம் சர்வர்ல இருக்குதுங்க்கா, போன்ல இருக்கறதை அழிச்சுரலாம்" என்று சொல்லி, என் கையாலேயே அழித்துக் கொடுத்த புண்ணியவானும் நான்தான். மிச்சம் இருந்தது பழைய எக்ஸெல் மட்டும். அதற்குப் பிறகு பதிவான புது வரன்கள் எல்லாம் போச்சு. 'விவசாயி ஆனாலும் சரி' என்ற அந்தப் பெண்ணும் போச்சு. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. சரசு அக்காவைக் கேட்டால், அவருக்கும் நட்சத்திரம் ரோகிணி என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

ஆபீசில் பிலோமினா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "உலகத்துல எத்தனையோ விதமா டேட்டா போயிருக்குது தம்பி. ஆடி மாசம்ங்கறதுக்காகப் போனது இதுதான் மொதல் தடவை."

பழைய எக்ஸெல்லின் பேரன் பேத்திகள்

கூட்டம் கூடுவதற்குள் பழைய எக்ஸெலில் உள்ளவர்களையாவது சரிபார்த்து ஏற்றலாம் என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். "பையன் ஜாதகம் பதிஞ்சிருந்தீங்களே…" என்று ஆரம்பித்தால் மறுமுனையில் ஒரே சிரிப்பு. முக்கால்வாசிப் பேருக்கு வெளியிலேயே வரன் அமைந்து கல்யாணம் ஆகிவிட்டது. அதைச் சொன்னால் சரசு அக்கா மனசு சங்கடப்படுவார் என்று யாரும் சொல்லவில்லையாம்! இத்தனை நாள் நான் மெமரி போதவில்லை என்று தவித்தது, இவர்களையெல்லாம் சுமந்துதான்.

கோபிச்செட்டிபாளையத்து அம்மா ஒருவர் போனை ஒரு குழந்தையிடம் கொடுத்துப் பேசச் சொன்னார். அது ஏதோ மழலையில் திட்டியது. அப்புறம் அவர் வாங்கிச் சொன்னார்: "நீங்க கேட்ட மாப்பிள்ளையோட மகனுங்க தம்பி இவன், பால் குடிச்சு முடிக்கட்டும், இவனுக்கு வேணா ஒண்ணு பதிஞ்சு வையுங்க!"

மண்டபத்தில் ஒரு புகார்

ஆவணி முதல் ஞாயிறு. ஈரோட்டு மண்டப வாசலில் லேப்டாப்போடு நான். வருகிறவர்களின் விவரங்களைப் புதிதாக ஏற்றுவது என் வேலை. ருக்மணியம்மா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மகன் தண்டபாணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார். "ஏனுங்க தம்பி, நம்பர் தாரேன்னு சரசு சொல்லுச்சுங்க" என்றார். சரசு அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "தேடிட்டு இருக்கேனுங்க" என்றேன். தேடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் தேடி முடிக்கட்டும் என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் ஒருவர் வந்தார். வேட்டி சட்டை, கையில் போன். கோபத்திலும் 'ங்க' விடவில்லை.

"ஏனுங்க, இதைய நடத்தறது நீங்களா?"

"ஆமாங்க."

"எம்பொண்ணு பேரைப் போட்டா, அப்படி ஆருமே இல்லீங்குது. எங்களுக்கே தெரியாம கண்ணாலத்தை முடிச்சுப்போட்டீங்களா?"

உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. ஆடிக்காக நிறுத்தியதையும் அழிந்துபோனதையும் சொன்னேன். முதல் தடவையாக என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டமாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "ஆடிக்குப் பொண்ணை அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரது வழக்கமுங்க. நீங்க ஒரேயடியா எங்கயோ அனுப்பிப்போட்டீங்களே!" என்றார். நல்லவேளையாக அவரே சிரித்துவிட்டார்.

திரும்ப ஏற்ற ஆரம்பித்தேன். பெயர் சொன்னார். நட்சத்திரம் ரோகிணி என்றார். என் விரல் நின்றது. மெல்லக் கேட்டேன், "மாப்பிள்ளை எப்படி வேணுமுங்க?"

"அதே பழையபடிதானுங்க. விவசாயி ஆனாலும் செரி. எம்பொண்ணு கால்நடை டாக்டருக்குப் படிச்சவ. டவுன்ல பிளாட்டுல கட்டிக்குடுத்தா, அவ ஆருக்கு ஊசி போடுவா?"

நான் 'சரி' என்று தட்டி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. ருக்மணியம்மா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்துவிட்டார். "எங்கூட்டுல எருமையே ஏழு உருப்படி நிக்குதுங்க!" என்று ஆரம்பித்தார். தண்டபாணி வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். சரசு அக்கா ஓடிவந்து இரண்டு ஜாதகத்தையும் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகத்தில் பொருத்தம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாகப் பேச்சாயிற்று. பெண் என்ன சொல்லும் என்பது இனி பெண் பாடு, வெள்ளிக்கிழமை பாடு.

நான் அதற்குள் அந்தப் பொட்டலத்தை ஏற்றி முடித்து, பட்ட பாட்டில் புத்தி வந்து, மூன்று வெவ்வேறு நாடுகளில் மூன்று பேக்கப்பும் எடுத்துவிட்டேன். கிளம்புகிற அவசரத்தில் ருக்மணியம்மா குனிந்து, யார் காதிலும் விழாமல் என்னிடம் சொன்னார்: "தம்பி, வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் புள்ள பேரை மறுபடியும் அழிச்சுப்போடுங்க, வேற ஆரு கண்ணுலயும் பட வேண்டாம்!"

பத்திரமாக வைக்கச் சொன்னதை ஒரே அமுக்கில் தொலைத்தவன், தொலைக்கச் சொன்னதை இப்போது மூன்று நாட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.