மாரிச்செல்வியின் முதல் திரை

ஒரு படத்தை வரைந்து முடித்ததும் மாரிச்செல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசல்வரை போய்விடுகிறாள். அங்கே நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். பட்டாசுப் பெட்டி கடையில் மேல் தட்டில் இருக்கும். வாங்குகிறவன் தெருவில் நிற்பான். "அங்கன நிக்கிற பய கண்ணுல போயி ஒட்டணும். ஒட்டலையா, அது படமே இல்ல" என்பாள். ஒட்டவில்லை என்றால் திரும்ப வந்து மஞ்சளை ஒரு பிடி கூட்டுவாள்.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆப்செட் மிஷின் ஓடுவதால் அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டரிடம் கத்தித்தான் சொல்வாள். மதியச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவாள். கம்ப்யூட்டர்களை 'இவன்' என்றுதான் குறிப்பிடுவாள். "இவனுக்கு மெமரி கம்மி. ஆனா ரோசம் ஜாஸ்தி. ரெண்டு தட்டு தட்டுனாப் படுத்துக்கிருவான்."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவள் வேறு ஆள். மத்தாப்பு என்று ஒரு கட்டற்ற இயங்குதளம். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காததைப் பிரித்து மாற்றலாம். எல்லாம் தமிழில். அதைச் செய்கிற சின்னக் குழுவில் அவளும் ஒருத்தி. கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வெளியே விடுகிற வேலை அவளுடையது.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் எது எங்கே இருக்கிறது, எதை எப்படித் தொடவேண்டும் என்று காட்டுகிற முகப்புதான் டெஸ்க்டாப். மத்தாப்பில் இரண்டு உண்டு. ஒன்று மாரிச்செல்வி வரைந்த வாணம். மற்றது கட்டம், விருதுநகரில் பாலிடெக்னிக் வாத்தியாராக இருக்கும் அருள்பாண்டி செய்தது. இரண்டும் உள்ளே இருக்கும். ஆனால் தானாக முதலில் வந்து நிற்பது ஒன்றுதான்.

"வேணுங்கிறவுக மாத்திக்கிருவாக" என்றான் அருள்பாண்டி.

"யாரு? வாங்குன செல்லுல வந்த ரிங்டோனையே எவனும் மாத்த மாட்டேங்கான். முதல் திரையில இல்லேன்னா என் வாணத்த ஒரு குருவி பாக்காது, வாத்தியாரே."

பார்க்க வேண்டியதுதான் அது. செட்டிங்ஸ் என்பது சங்குசக்கரமாகச் சுற்றும். கோப்பைத் திறந்தால் காகிதம் கம்பி மத்தாப்பு போலப் பூத்து விரியும். வேண்டாத கோப்பை இழுத்துக்கொண்டு போய் மூலையில் புஸ்வாணமாக நிற்கும் பூச்சட்டிக்குள் போட்டால் குபுகுபுவென்று பொன் பூ கொட்டி அடங்கும். அந்த ஒரு பூவுக்காக இரண்டு தீபாவளி சீசனின் ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறாள். கட்டத்தில் ஒன்றும் பூக்காது. சாம்பல் நிறத்தில் பொத்தான்கள்; மேலே எடு, வை, அழி, திற என்று எழுத்துகள். "ரேஷன் கடை சுவரு" என்பது அவள் வைத்த பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அச்சங்குளம் படிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே இருக்கின்றன. லீவு நாளில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வந்து பழகுகிறார்கள். மத்தாப்பு முதலில் இறங்கப்போவது அங்கேதான். அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு, எது முதல் திரை என்று மாரிச்செல்வியே அன்று சாயங்காலம் முடிவு செய்யவேண்டும் என்று குழு சொல்லிவிட்டது.

"போட்டி போடுறதும் நீ, தீர்ப்புச் சொல்றதும் நீ. நல்ல கோர்ட்டு" என்றான் அருள்பாண்டி.

"தோத்தா அழக்கூடாது, வாத்தியாரே."

வாணத்தைத் திறந்ததும் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். "ஏத்தா, சக்கரம் சுத்துது பாரு!" மாரிச்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்க்கும் அய்யம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தாள். திரையில் அவளுடைய ஆட்டுக்குட்டியின் ஆடிப்போன போட்டோ.

"யக்கா, இது நல்லா விழல. அப்படியே அமுக்கிப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி பூச்சட்டியில போடுங்க."

அய்யம்மாள் மவுஸை அமுக்கிப் பிடித்தாள். பிறகு மேஜையிலிருந்து மெதுவாகத் தூக்கினாள். அந்தரத்திலேயே வலது பக்கம் கொண்டுபோய், முட்டையை வைப்பதுபோலச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். திரையில் ஆட்டுக்குட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அருள்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான்.

"தூக்கக் கூடாதுக்கா. இழுக்கணும்."

"சரி தாயி." மறுபடியும் தூக்கினாள். அடுத்து உட்கார்ந்த பொன்மணியும் தூக்கினாள். அதற்கடுத்தவளும்.

"என்னக்கா எல்லாரும் சொல்லி வச்சாப்ல தூக்குறீக? இழுத்தா இது ஒண்ணும் வெடிச்சிராது!"

பெண்கள் சிரித்தார்கள். அய்யம்மாளும் சிரித்தாள். "வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியணுமே. பெட்டியோ தட்டோ தரையில உரசிச்சுன்னா மருந்து பத்திக்கிரும், போர்மேன் குடும்பத்தையே இழுத்துப் பேசுவான். தூக்கித்தான் வைப்போம்."

"நாலு வாரத்துல பழகிரும்" என்றாள் மாரிச்செல்வி. சொன்னவள், அய்யம்மாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் இடுக்கில் அலுமினியத் தூளின் வெள்ளி இன்னும் போகவில்லை.

"பழகக் கூடாது" என்றாள்.

"என்ன?" என்றான் அருள்பாண்டி.

"ஞாயித்துக்கிழம பூரா இங்கன உக்காந்து இழுத்து இழுத்துப் பழகிட்டு, திங்கக்கிழம அந்தக் கையோட மருந்து ரூமுக்குள்ள போகவா?"

"ஏ புள்ள, அது வேற, இது வேற. மவுஸப் பிடிச்சவனெல்லாம் மருந்து ரூமுல இழுத்துக்கிட்டா திரியுறான்? உன் பூச்சட்டி எம்புட்டு அழகா இருக்கு! பாத்ததும் எப்படிக் கத்துனாக!"

"நீரு எந்தக் கட்சி, வாத்தியாரே?"

"உன் கட்சிதான் பேசுறேன்!"

"பேச வேணாம். ஒருவேளை ஒண்ணும் ஆகாது. அந்த ஒருவேளைய என்னால எடுத்துக்கிட முடியாது." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அமைப்புக் கோப்பைத் திறந்தாள். முதல் திரை என்ற வார்த்தைக்கு எதிரே வாணம் என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கட்டம் என்று அடித்தாள். அருள்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. சக்கரம் இல்லை. சாம்பல் நிறம்.

"உக்காருங்கக்கா. குட்டியத் தொட்டு, மேல எடுன்னு இருக்கு பாருங்க, அத ஒரு தட்டு. தட்டிட்டுக் கைய எடுத்துருங்க. அப்புறம் வேண்டாதத போடுற பழசுங்கிற பெட்டியத் தொறந்து வைங்கிறதுல ஒரு தட்டு. அம்புட்டுத்தான்."

அய்யம்மாள் தட்டினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தட்டு. ஆட்டுக்குட்டி அங்கிருந்து மறைந்து இங்கே வந்து நின்றது.

"வந்துருச்சு! ஏத்தா பொன்மணி, வந்துருச்சு பாரு!"

பெண்கள் நாற்காலியைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். மாரிச்செல்வி அவர்களுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்று, இரண்டு விரலை வாய்க்குள் மடக்கி வைத்து ஒரு விசில் அடித்தாள். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த மினிபஸ் பிரேக் போட்டு நின்றது.