திரும்பி வந்த சிக்னல்

வேலை அலுப்பு என்கிறார்கள். அலுப்பில் காது இப்படிக் கேட்காது. இந்த வருஷச் சாரலில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், எங்கள் சின்ன ஆய்வகத்தில் எனக்கு நடந்தது இது.

நாங்கள் செய்வது குவாண்டம் கணினிக்கான சர்குலேட்டர். நாணயம் அளவுதான் இருக்கும். மைக்ரோவேவ் சிக்னல் அதில் ஒரு பக்கமாகத்தான் போகும், திரும்பி வராது. கடுங்குளிரில் இருக்கும் சிப்பை வெளி இரைச்சல் தொடாமல் காப்பது அதுதான். அதை வடிவமைத்தவள் முஹ்ஸினா, வீரகேரளம்புதூர்க்காரி, என் பக்கத்து மேசை. காப்புரிமையில் முதலாளி சுந்தரபாண்டியன் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, “சம்பளம் வாங்குனேல்லா?” என்றார். அன்றே வேலையை விட்டாள்.

அப்புறம் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி நேர்காணல் கிடைத்தது. போகும் அன்று காலையில் போன் செய்தாள். “எனக்காக வேண்டிக்கோங்கக்கா.”

அன்று மாலை. மழையில் ஜன்னல் இருண்டு கிடந்தது. அவள் செய்த பாகத்தை உறைகலத்துக்குள் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். எதுவுமே வரக்கூடாத திசையில், திரையில் ஒரு மேடு எழுந்தது. அடங்கியது. மறுபடியும் எழுந்தது.

கேபிளை மாற்றினேன். வந்தது.

சிக்னல் தரும் கருவியையே அணைத்தேன்.

அப்போதும் வந்தது…

அளக்கும் கருவியில் ஸ்பீக்கர் உண்டு. போட்டேன். இரைச்சல். பிறகு… டொக். டொக். தகரத்தை உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல.

கீழேயிருந்து வாட்ச்மேன் ஆவுடைநாயகம் குரல் கொடுத்தார். “மேல யாரும்மா தட்டுதா?”

அவருக்கும் கேட்டிருக்கிறது.

ஸ்பீக்கருக்குள்ளிருந்து அவள் குரல். “அக்கா… குளிருது…”

“முஹ்ஸினா! எங்கட்டி இருக்க?”

“குளிருது…”

நான் கத்தியது அவளுக்குப் போகவில்லை.

அவள் போனுக்கு அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை.

டொக்…

ஆறேகாலுக்கு நின்றது.

இரவு அவள் அண்ணன் சேக் தாவூது பேசினார். திரும்பி வரும் வழியில் ஆலங்குளம் பக்கம் பஸ் கவிழ்ந்துவிட்டது. நாலு மணிக்கே உயிர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிணவறையில் வைத்திருக்கிறார்களாம்.

நாலு மணிக்கே…

மறுநாள் துக்கவீட்டு வாசலில் சுந்தரபாண்டியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “அவ ஃபைல் எல்லாம் சிஸ்டத்துல பத்திரமா இருக்குல்லா?” என்றார்.

போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் சேக் தாவூது அண்ணனைப் பார்த்தேன். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

“நாலு மணிக்கு அவ மவுத்தாகலம்மா. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுல சொல்லிட்டாவ. பிணவறை ஃப்ரீசருக்குள்ள வச்ச பொறவும் உயிர் இருந்திருக்கு.”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

“மையத்தக் குளிப்பாட்டுன பொம்பளைங்க சொன்னாவ… ரெண்டு கை விரல் முட்டியிலயும் தோலே இல்லையாம்.”