பேன் பார்க்கத் தெரியாத பாஸ்

கஹவத்தையில் அந்த மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றார்கள். அவருடைய நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்ததைக் கண்டபோதே நான் திரும்பியிருக்க வேண்டும். இரத்தினபுரியில் எனக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. வழியில் பைக் கொதித்துவிட்டது. அவர் விரலில் எச்சிலைத் தொட்டு எஞ்சினில் வைத்தார். 'ஸ்' என்றது. பரிசோதனை அவ்வளவுதான்.

"ரேடியேட்டர் பேன் சுத்தலைங்க பாஸ். வயரைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"பேன் பாக்கணும்னா அம்மாகிட்ட தலையைக் குடுங்க தம்பி."

கடையே சிரித்தது. எஞ்சின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, "இப்ப ஹரி, எல்லாம் சரி, போங்க" என்றார்.

அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தேர்வும் போயிற்று. பேனின் வயர் கழன்று கிடந்ததைப் பிறகு நானே கண்டுபிடித்தேன்.

இப்போது அந்த வழியாக பஸ்ஸில் போகிறேன். கடை முன்னால் எப்போதும் பைக்குகள் நிற்கின்றன. அந்தப் பேன் பகிடியைக் கேட்டுச் சிரிக்கத்தான் வருகிறார்கள் போலும். பாஸின் விரலில் இன்னும் கரி ஒட்டவில்லை.