அகராதி கண்டக்டர்

இப்போதெல்லாம் பஸ்ஸில் கதவு தானே சாத்திக்கொள்கிறது, விசில் சத்தமே கேட்பதில்லை. ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கண்டக்டர் நினைப்பு வந்துவிடும்.

தோல் பதனிடும் கூடத்தில் நான் வேலை பார்த்த காலம். சாயங்காலம் வீட்டுக்குப் போக ஒரே பஸ்தான். அதன் கண்டக்டரை எல்லாரும் அகராதி என்றே கூப்பிட்டோம். இங்கிலீஷ் வார்த்தை எதைச் சொன்னாலும் அது எங்கே பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாம் பஸ்ஸில் வரும் வாத்தியார்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டது.

“பஸ்ஸுங்கறது வெறும் வால்மா,” என்றார் ஒரு நாள். “முழுப்பேரு ஆம்னிபஸ். லத்தீன்னு ஒரு பழைய பாஷை, அதுல எல்லாருக்கும்னு அர்த்தம். சொல்லச் சோம்பல்பட்டு ஜனங்க வாலை மட்டும் வச்சுக்கிட்டாங்க.”

“அப்போ இத்தனை வருஷமா நான் வாலைத்தான் ஓட்டுறேனா?” என்றார் டிரைவர், திரும்பாமலே. இருவரும் எலியும் பூனையும்தான். ஆனால் சாப்பாடு ஒரே டப்பாவில்.

ஒரு மழைநாள். ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. என் சேலையில் ஏறிய தோல் வாடை எந்த சோப்புக்கும் போகாது. படியில் கால் வைத்ததும் முன்வரிசைப் பெரியவர் மூக்கைப் பொத்தினார்.

“இந்தம்மாவை ஏத்தாதீங்க. குடலைப் புரட்டுது.”

இன்னும் நாலு பேர் ஒத்து ஊதினார்கள். நான் இறங்கி நின்றேன். என் கைக்குழந்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. அவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புமுன் நான் போய்ச் சேராவிட்டால் அவள் பிழைப்புக்கே உலை வைத்த மாதிரி.

கண்டக்டர் அவர்களிடமும் வால் கதையைச் சொல்லிப் பார்த்தார். “அப்போ மாட்டையும் ஏத்துவீங்களோ?” என்று சிரித்தார்கள். அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, படியோரமிருந்த தன் இருக்கையைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார்.

“டிரைவர், நீங்க எடுங்க,” என்றார் பெரியவர்.

“விசில் இல்லாம எடுத்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க சார்.” டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

யாரோ இருமினார்கள். யாரோ கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் பெரியவரே, “ஏறித் தொலையட்டும்ப்பா,” என்றார்.

“உக்காரும்மா,” என்றார் கண்டக்டர். வழி முழுக்க அவர் நின்றுகொண்டே வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா கதவைப் பூட்டிவிட்டு, இடுப்பில் என் பிள்ளையோடு வாசலில் நின்றாள். “இன்னிக்கு வேலை போச்சுன்னே நெனச்சேன்டி,” என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

அன்று சாமி முன்னால் உட்கார்ந்து கண்டக்டருக்காக வேண்டிக்கொண்டேன், டிரைவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். மூக்கைப் பொத்திய பெரியவரை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை, அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.