பிரேக் இல்லாத ஜல்லி மிஷின்

நேற்று எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடத்தின் பழைய தரையை உடைத்தார்கள். தூசி அடங்க ஒருவர் குழாயால் தண்ணீர் அடித்தார். உடைந்த கான்கிரீட்டில் தண்ணீர் பட்டதும் கிளம்பும் அந்த வாசனை மூன்றாவது மாடிவரை வந்துவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். "தூசியா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். பொய். பன்னிரண்டு வருடமாக எனக்கு அந்த வாசனை ஆகாது.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். கை வெல்டர்தான், வாய் மட்டும் தலைமை இன்ஜினியர். மனைவியின் அண்ணன் பெயர் டில்லி. அவன் பருத்திப்பட்டில் ஒரு காலிமனையை வாடகைக்குப் பிடித்து, இடித்த கட்டடங்களின் கழிவைக் குவித்து வைத்திருந்தான். அதை உடைத்து ஜல்லியாக்கினால் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு அடியில் கொட்ட வாங்கிக்கொள்வார்களாம். கடையில் மிஷின் வாங்க வக்கில்லை. "நீயே ஒண்ணு கட்டிடு மச்சான், உன்னால ஆவாததா?" என்றான். புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள் நான், உங்களுக்குத்தான் தெரியுமே.

நான்கு மாதம், ஒரு ஞாயிறு விடாமல் கட்டினேன். லாரி ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கிப் பற்றவைத்து இரண்டு தாடைகள். ஒன்று அசையாது, மற்றது வந்து வந்து மோதும். மாவு மில்லில் கழித்துப்போட்ட மோட்டார். பழைய டீசல் இன்ஜினின் இரும்புச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் கனம்தான் கல்லை உடைக்கும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், பிரேக். சொன்னபோது டில்லி சிரித்தான். "ஓடறதுக்குத்தானே மிஷின் கட்றோம், நிக்கறதுக்கா?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

மோட்டாரை அணைத்த பிறகும் சக்கரம் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றும். தாடை மெல்ல வாயைத் திறந்து மூடும். டில்லி அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடமாட்டான்.

அந்தச் சித்திரையில் ஏரிக்கரை வீடுகளை இடித்தார்கள். கழிவு எங்களிடம் வந்தது. ரோஸ் நிறச் சுவர்த் துண்டு, காலண்டர் ஆணியோடு ஒரு மூலை. அவற்றின் நடுவே உடைந்த வாசற்படி ஒன்று. சிமெண்ட் ஈரமாக இருந்தபோது மிதித்த ஒரு குழந்தையின் கால் அதில் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. மனசு வராமல் ஓரமாக வைத்தேன்.

மறுநாள் காலை அந்தக் கால்தடத்தில் தண்ணீர் நின்றது. மழை இல்லை. பனி என்று சொல்லிக்கொண்டேன். சித்திரையில் ஏது பனி? அடுத்த நாளும் நின்றது. சுற்றிலும் மற்ற கற்கள் காய்ந்து கிடந்தன.

"இன்னா மச்சான், யாரோ குளிச்சிட்டு வந்து நின்னமாரி கீது. மொதல்ல அத்த உள்ள போடு" என்றான் டில்லி.

போட்டேன். அவன் சொன்னதால் போட்டேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். எனக்கும் பயம்.

அப்போதுதான் ஒரு பெண் கையை ஆட்டியபடி ஓடி வந்தாள். புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, கட்டட வேலைக்குப் போகிறவள். கையில் கோணிப்பை. மோட்டாரை அணைத்தேன்.

"அண்ணா, ஒரு படிக்கல்லு வந்துச்சா? எம் பொண்ணு காலு பதிஞ்சது. அவ காய்ச்சல்ல தவறிப் பூட்டா, ரெண்டு வருசம் ஆவுது. போட்டோல்லாம் வெள்ளத்துல பூட்ச்சு. அது ஒண்ணுதான் கீது."

எங்கள் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். தாடைகளுக்கு நடுவே கல் நின்றிருந்தது, விரல்கள் மேலே தெரிய. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் கடப்பாரையைச் செருகினேன், அது பிடுங்கி எறிந்தது. ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் கல் கொஞ்சம் இறங்கியது. "நிறுத்துண்ணா" என்றாள். ஒரே முறைதான், மெதுவாக. சுண்டுவிரலும் உள்ளே போய் நொறுங்கி, ஈரக் கான்கிரீட் வாசனை எழுந்த பிறகுதான் சக்கரம் நின்றது.

அவள் ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். "இதுல எதுண்ணா?" என்றாள். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கோணிப்பையில் தூக்க முடிந்த மட்டும் அள்ளிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மிச்சத்தையும் கேட்டு வந்தாள். டிராக்டர் முந்தின மாலையே ஏற்றிப் போயிருந்தது. யார் வீட்டுக்கு என்று டில்லி கேட்டு வைக்கவில்லை. சென்னீர்குப்பம் பக்கம் கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே நடக்க ஆரம்பித்தாள். அப்போது அங்கே வெட்டவெளி. அவள் தலை வெகுதூரம் தெரிந்தது.

மிஷினை அந்த வாரமே எடைக்குப் போட்டோம். இன்று அந்த மனையும் இல்லை, வெட்டவெளியும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை வீடுகள், எந்தத் தரைக்கு அடியில் அந்த ஜல்லியோ. அந்தப் பக்கம் யாராவது புதுவீட்டுக்குக் கூப்பிட்டால் போகிறேன். செருப்பைக் கழற்றியதும் கால் எழும்ப மறுக்கிறது. உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்கிறார்கள். வாசலிலேயே நிற்கிறேன்.