ஞானப்பல் போன பள்ளமும் சம்பந்தி வீட்டு நுங்கும்

இன்றைக்குக் காலையில் முறுக்குத் தின்றேன்!

அதுவும் இடது கடைவாயில் வைத்து, கடகடவென்று!

(புது மாப்பிள்ளை வீட்டில் அதற்குள் சண்டையா என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.)

பல் பிடுங்கின கதையை ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே நம் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குள் இந்தத் தாளைச் சுற்றுக்கு விடுகிறேன். படித்தவர்கள் அடியில் ஒரு வரி எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். (சிரித்தவர்கள் இரண்டு வரி எழுதவும்.)

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போது பார்த்து இடது பக்கத்து ஞானப்பல் தன் வேலையைக் காட்டியது. கன்னம் வீங்கிப்போய் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் குறட்டால் பிடித்து இழுத்தார். பல் வந்தது. என் உயிரும் பாதி வந்தது.

"மூணு நாள்ல ஆறிரும் வே. மெத்துன்னு இருக்கதா, குளுந்ததா சாப்பிடும். சுருட்டு மட்டும் இழுத்துராதேயும்" என்றார்.

நான் சுருட்டைத் தொட்டதே கிடையாது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்று நாளாயிற்று. ஆறவில்லை!

நான்காம் நாள் பல் இருந்தபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது. காது வரைக்கும் குத்தல். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

கோவிலில் மூன்று ஞாயிறும் ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. பந்தலுக்குச் சொல்லியாயிற்று. குருவானவர் சொல்லச் சொல்ல, சபை கேட்க நான் கல்யாண உடன்படிக்கை சொல்ல வேண்டும். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி?

அதற்குள் பெண்ணின் சித்தப்பா ஆரம்பித்துவிட்டாராம். "மாப்பிள்ளைக்குத் தாடை எலும்பே அழுகுதாம்லா! கல்யாணத்தத் தள்ளி வச்சுப் பாப்பமா?"

இதை என்னிடம் வந்து சொன்னவர் பெண்ணின் அண்ணன் தேவசகாயம் மச்சான்.

தள்ளி வைத்தால் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். எஸ்தரை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஆனாலும் அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். (இதை யாரும் சத்தமாக வாசிக்க வேண்டாம்!)

பல் பிடுங்கின நாளிலிருந்தே எனக்கு ஒரே ஆறுதல் நுங்கு.

மச்சான் தினமும் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு வண்டியில் வருவார். வரும்போது அவர்கள் பனைவிளையில் வெட்டின நுங்கு ஒரு குலை இறக்குவார்.

"தங்கச்சி கொடுத்துவிட்டா மாப்ள. குளுந்தது. நல்லாச் சாப்பிடும் வே!"

அவரே அரிவாளால் தலையைச் சீவித் தருவார். நான் பெருவிரலை விட்டு நோண்டி, வாயை வைத்துச் சர்ரென்று உறிஞ்சுவேன். குளிர்ச்சி போய்ப் பள்ளத்தில் உட்காரும். வலி கொஞ்சம் அடங்கும். பிறகு இரண்டு பங்காகத் திரும்பி வரும்.

வந்தால் இன்னொரு நுங்கு!

"இன்னும் ரெண்டு சாப்பிடுலே, சம்பந்தி வீட்டுக்காரங்க பாசமாக் கொடுத்துவிட்டது" என்பாள் அம்மா.

ஏழாம் நாள் முடியவில்லை. மறுபடி டாக்டரிடம் போனேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"சுருட்டு இழுத்தீரா?"

"சத்தியமா இல்ல." (சத்தியம் பண்ணக்கூடாதுதான். பண்ணினேன்.)

"பெறவு என்னத்த வே உறிஞ்சினீரு? பள்ளத்த மூடியிருக்க ரத்தக்கட்டியக் காணோம். எலும்பு வெளிய தெரியுது!"

"ஒண்ணும் உறிஞ்சல டாக்டர். நுங்கு மட்டும்தான்..."

"எப்படித் தின்னீரு?"

பெருவிரலை நீட்டி, உதட்டைக் குவித்துச் செய்து காட்டினேன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சுருட்ட உறிஞ்சினாலும் நுங்க உறிஞ்சினாலும் பள்ளத்துக்கு ஒண்ணுதான் வே! தினமும் ஆற விடாம நீரே பிச்சு எடுத்திருக்கீரு."

"எலும்பு அழுகலையே?"

"அழுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தைரியமாப் போய்த் தாலி கட்டும்."

பள்ளத்தைக் கழுவி, கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்தார். கால்மணி நேரத்தில் வலி பைய இறங்கியது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வலியில் வராத அழுகை அது போன பிறகு வந்தது.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. உடன்படிக்கையை நான் சொன்ன சத்தத்தில் குருவானவரே புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். (நான் பார்த்தது சித்தப்பாவை!)

அன்று சாயங்காலம் எஸ்தரிடம் நுங்குக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முறைத்தாள்.

"கரண்டி எங்க?"

"எந்தக் கரண்டி?"

"போன வருஷம் எனக்கும் அந்த டாக்டர்தான் பல் எடுத்தாரு. எதையும் உறிஞ்சாத, கரண்டியால கோரிச் சாப்பிடுன்னாரு. அதான் மொத நாளே அண்ணன்ட்ட கரண்டி கொடுத்துவிட்டேன். சொல்லியும் விட்டேன்!"

மச்சானைக் கூப்பிட்டோம். தலையைச் சொறிந்தார்.

"தந்தா மாப்ள. ஆம்பள கரண்டி வச்சு நுங்கு திங்கவான்னு வண்டியிலேயே போட்டுட்டேன். நீரு என்னைக் கேலி பண்ணுவீரேன்னு..."

ஏழு நாள், நண்பர்களே! ஏழு நாள்!

இன்றைக்கு முறுக்குத் தின்று முடித்த கையோடு மச்சான் ஒரு குலை நுங்கு கொண்டுவந்தார். கூடவே அந்தக் கரண்டி.

நான் ஒழுங்குப் பிள்ளையாகக் கரண்டியால் கோரித் தின்றேன்.

எதிரே எஸ்தர் உட்கார்ந்தாள். ஒரு நுங்கை எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே பெருவிரலை விட்டு நோண்டி, சர்ரென்று உறிஞ்சினாள்.

"எனக்கு ஆறி ஒரு வருஷமாச்சு!" என்றாள்.